எந்த ஆற்று மீன்?

பெரம்பலூரில் பேருந்து நிலையத்தை அடுத்த தெரு ஒன்றில் வண்ணமீன் விற்கும் சிறு கடை இருக்கிறது. சித்திரை மாதத்து வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பிறந்தநாளுக்கு மீன் வாங்கித் தருவதாகப் பேரனிடம் சொல்லியிருந்தபடியால், அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைக்குள் நுழைந்தேன். வெளியே அனல்; உள்ளே பத்துப் பதினைந்து கண்ணாடித் தொட்டிகளில் காற்றுக் குமிழிகள் எழும்பும் ஓசை. குழந்தை ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போய், மூலையில் இருந்த ஒன்றின் எதிரே நின்றுவிட்டான். அதில் விரல் நீளத்தில் நான்கு மீன்கள் இருந்தன. வெள்ளி வார்த்தாற்போன்ற உடல். மூக்கு நுனியில் புறப்பட்டுக் கண்ணை ஊடுருவி முதுகின் பாதிவரை ஓடி மறையும் ஒரு சிவப்பு ரேகை. அதன் அடியில் மூக்கிலிருந்து வால்வரை முறியாமல் செல்லும் ஒரு கரிய ரேகை. வாலின் இரு நுனிகளிலும் மஞ்சளும் கருப்புமாக இரண்டு தீற்றல்கள். நான்கும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், தொட்டியின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடுவதும், முட்டித் திரும்புவதும், மறுபடி ஓடுவதுமாக இருந்தன.

“தாத்தா, இது எந்த ஆத்து மீனு?” என்று கேட்டான் பேரன்.

நான் வாய் திறப்பதற்குள் கடைக்காரர் பரிவோடு சொன்னார்: “இது ஆத்து மீனு இல்ல தம்பி. மிஸ் கேரளா. கொளத்தூர்லேருந்து வருது.”

அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. சென்னைக் கொளத்தூர்தான் தமிழ்நாட்டு வண்ணமீன் வியாபாரத்தின் தலைவாசல். அங்கிருந்து பெட்டி வருகிறது, பெட்டியைப் பிரித்தால் பைகளில் மீன் இருக்கிறது, அதற்கு முந்திய சரித்திரம் சில்லறைக் கடைவரை வந்து சேர்வதில்லை. ஆயினும் எல்லா மீனும் ஏதோ ஓர் ஆற்றிலோ குளத்திலோ கடலிலோ பிறந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான் என்ற ஞானம் குழந்தைக்கு இயல்பாக இருந்ததும், பெரியவர்களாகிய எங்கள் இருவருக்கும் அந்தக் கேள்வி அன்றுவரை எழாமலே இருந்ததும் என் மனத்தை உறுத்தின. அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

அந்த மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில், கேரளத்திலும் அதை ஒட்டிய கர்நாடகப் பகுதியிலும், பாறைகளுக்கிடையே விரைந்து ஓடும் குளிர்ந்த நீரோடைகளில் மட்டும் வாழ்வது. சந்திரகிரி, வளபட்டணம், சாலியாறு, பம்பை, அச்சன்கோவில் என்று அதன் சொந்த நதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பூமியில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. மலையாள நாட்டார் அதன் கண்வழியே ஓடும் சிவப்பைக் கண்டு செங்கணியான் என்று பெயரிட்டார்கள். இரத்தத்தைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்துச் சோரக்கணியான் என்பாரும் உண்டு. ‘மிஸ் கேரளா’ என்பது வியாபாரத்துக்காகப் பின்னால் ஒட்டிய பெயர்.

விஞ்ஞான உலகத்துக்கு அதை அறிமுகம் செய்தவர் பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் வைத்திய உத்தியோகம் பார்க்க வந்த இந்த ஆங்கிலேயர், மீன்களின்மீது கொண்ட தீராத பற்றினால், பிற்காலத்தில் இந்திய மீன்வளத் துறையின் தலைமை அதிகாரியாகவே ஆகி, 1875 முதல் 1878 வரை வெளிவந்த ‘இந்திய மீன்கள்’ என்னும் பெருநூலை எழுதியவர். திருவிதாங்கூர் மலைப் பிரதேசத்தில் கிடைத்த செங்கணியானை 1865இல் அவர் வர்ணித்தபோது, அப்போது சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசனைக் கௌரவிக்கும் பொருட்டு ‘டெனிசனி’ என்று நாமகரணம் செய்தார். கவர்னர் 1866இல் பதவி விட்டுக் கப்பலேறிவிட்டார். அவர் பெயர் மட்டும் மலையோடைகளில் நீந்திக்கொண்டிருக்கிறது. விஞ்ஞானிகள் அதன் குலப்பெயரைப் பலமுறை மாற்றி, 2013இல் சஹ்யாத்ரியா என்று மலையின் பெயராலேயே வழங்கத் தொடங்கினார்கள். அது பொருத்தமான பெயர்.

நூற்றுமுப்பது வருஷங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. உணவுக்கு உகந்த பெரிய மீனன்று. பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. 1997இல் சிங்கப்பூரில் நடந்த அக்வாரமா என்னும் வண்ணமீன் கண்காட்சியில், புதிய மீன்களுக்கான போட்டியில் அதற்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அன்று அதற்குப் பிடித்தது சனி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் செல்வர் வீட்டுத் தொட்டிகளுக்கு அது வேண்டியதாயிற்று. கொள்முதல் செய்வோர் மலையோரக் கிராமங்களைத் தேடி வந்தார்கள். ஆற்றங்கரைகளில் வறுமையில் உழன்ற குடும்பங்களுக்கு, கோடையில் நீர் வற்றிக் குட்டைகளாகத் தேங்கும் இடங்களில் கூட்டமாக ஒதுங்கும் இம்மீனை வலைவீசி அள்ளுவது எளிதான ஜீவனோபாயமாயிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டமாக வாழும் சுபாவமே மீனுக்கு வினையாக முடிந்தது: ஒன்று இருக்கும் இடத்தில் அனைத்தும் இருக்கும், ஒரு வீச்சில் ஒரு குடியே வலைக்குள் வந்துவிடும்.

பிடித்த மீனை ஓரிரு நாள் பட்டினி போட வேண்டும். வயிற்றில் உணவிருந்தால் பயணத்தில் ஜலம் கெட்டுவிடும். பிறகு பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதிக்குப் பிராணவாயுவும் நிரப்பி, ரப்பர் வளையத்தால் வாயை இறுக்கி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி விமானத்தில் ஏற்றுவார்கள். 2005 முதல் 2012 வரையிலான எட்டு வருஷங்களில் அழிவை எதிர்நோக்கும் முப்பது இனங்களைச் சேர்ந்த பதினைந்து லட்சம் நன்னீர் மீன்களேனும் இந்தியாவிலிருந்து இவ்விதம் ஏற்றுமதியாயின என்று ராஜீவ் ராகவனும் அவருடைய சகாக்களும் ஏற்றுமதிக் கணக்குகளைத் துருவிப் பார்த்து 2013இல் பிரசுரித்தார்கள். அந்த முப்பதில் செங்கணியான் முன்வரிசையில் இருந்தது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழியும் அபாயத்திலுள்ள இனமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வண்ணமீன் வியாபாரத்துக்காக அளவின்றிப் பிடிப்பதும், அது வாழும் ஓடைகள் கெட்டுவருவதுமே அங்கே சொல்லப்படும் காரணங்கள்.

கேரள அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 2008இல் ஓர் உத்தரவு பிறப்பித்து, ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் இம்மீனைப் பிடிக்கலாகாது என்று தடை செய்தது. மீன் முட்டையிடும் காலத்தில் அதை நிம்மதியாக விட வேண்டுமென்பதே நோக்கம். ஆனால் பின்னர் நடந்த ஆராய்ச்சியில், செங்கணியான் இனம் பெருக்குவது அக்டோபரிலிருந்து மார்ச் வரையுள்ள காலத்தில் என்று தெரியவந்தது. ஆக, காவல் போட்ட மாதங்கள் பெரும்பாலும் வேறாகவும், சினைகொண்ட மீன் வலையில் விழும் மாதங்கள் வேறாகவும் போயின. நல்லெண்ணத்தோடு செய்த காரியமும், ஒரு சின்னஞ்சிறு ஜீவனின் நாள்வழக்கத்தை முதலில் அறிந்துகொள்ளாமற் செய்தால், இப்படித்தான் குறி தவறிவிடுகிறது.

கொச்சியை அடுத்த பனங்காட்டில் உள்ள மீன்வளக் கல்லூரியில் அன்னா மெர்சி என்ற பேராசிரியை, பல வருஷப் பிரயத்தனத்துக்குப் பின் ஹார்மோன் ஊசி போட்டு இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கவும் வளர்க்கவும் வழி கண்டது, இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். அயல்நாட்டுப் பண்ணைகளும் அதைப் பெருமளவில் பொரிக்கத் தொடங்கிவிட்டன. பண்ணையில் பிறந்த மீன் தாராளமாகக் கிடைத்தால் ஆற்று மீனைத் தேடுவோர் குறைவார்கள் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. பெரம்பலூர்க் கடையில் நாங்கள் பார்த்த நான்கும் பண்ணையில் பிறந்தவையாகவே இருக்கலாம். ஆற்றிலிருந்து அள்ளியவையாகவும் இருக்கலாம். மீனைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, கேட்டால்தான் தெரியும், கேட்பாரில்லை.

இதைப் படித்த அளவில் எனக்கும் ஓர் ஆறுதல் தோன்றிற்று: பண்ணைகளில் லட்சக்கணக்கில் பிறந்தால் இனம் பிழைத்துவிடுமல்லவா? அந்த ஆறுதலைக் கலைத்தது, அதே கடையில் செங்கணியானுக்கு அடுத்த தொட்டியில் இருந்த மற்றொரு மீன். உடல் முழுவதும் மைக்கருப்பு, வால் மட்டும் நெருப்புச் சிவப்பு. ‘ரெட் டெயில் ஷார்க்’ என்பார்கள். சுறாவுக்கும் அதற்கும் உறவில்லை. அதுவும் கெண்டைக் குடும்பம்தான். சயாம் தேசத்துச் சாவோ பிரயா நதி அதன் தாயகம். பண்ணைகளில் ஏராளமாகப் பெருக்கப்படுவதால் உலகத்தில் அது விற்காத வண்ணமீன் கடை அபூர்வம். அப்படிப்பட்ட மீன், தன் சொந்த நதியில் அற்றே போயிற்றென்று 1996இல் சிவப்புப் பட்டியலில் பதிவு செய்யப்பட்டது. பிறகு ஏதோ ஓரிடத்தில் சில தென்பட்டதால், மிகக் கடுமையான அபாயத்திலுள்ள இனமென்று 2011இல் திருத்தி எழுதினார்கள். கோடி வீட்டுத் தொட்டிகளில் இருந்துகொண்டே ஒரு மீன் தன் ஆற்றில் இல்லாமற் போகக்கூடும் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். தொட்டியில் பிறந்த மீனுக்கு வெள்ளம் தெரியாது; பாறையில் படிந்த பாசியைக் கொறிக்கத் தெரியாது; அதைத் தின்ன வரும் பெரிய மீனும், அது தின்றுவந்த பூச்சிப் புழுவும் அதன் வாழ்விலிருந்து நீங்கிவிட்டன. உருவம் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவே.

எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு இனம் அழிவதென்பது பரிச்சயமில்லாத விஷயமன்று. காரை என்னும் ஊரைச் சூழ்ந்த வெட்டவெளியில் மழை அரித்த மண்ணில் குனிந்து தேடினால், ஏறக்குறைய பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் இங்கே அலைமோதிய கடலில் வாழ்ந்த சுறாக்களின் பற்கள் கல்லாகிக் கிடப்பதைக் காணலாம். வாரணவாசியில் அத்தகைய தொல்லுயிர்ச் சின்னங்களுக்கென்று ஒரு காட்சிசாலையே இருக்கிறது. அந்தக் கடலும் சுறாவும் போனதற்கு நாம் பொறுப்பாளிகளல்ல.

இனி, நம் சொந்த நதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரம்பலூர்ச் சீமையில் ஜீவநதி இல்லை. பச்சைமலையில் மழை பெய்தால் மருதையாறு பெருகி அரியலூர் வழியாகச் சென்று கொள்ளிடத்தில் விழும், மழை ஓய்ந்தால் மணலாகும். அரியலூர் மாவட்டத்துக்குத் தெற்கு எல்லை கொள்ளிடம். கொள்ளிடமோ முக்கொம்பில் பிரிந்து வரும் காவிரியே. அந்தக் காவிரியின் தலைமாட்டில், கபினி, மோயாறு, பவானி முதலிய மலைசார்ந்த கிளைகளில், செங்கணியானுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லத்தக்க ஒரு கெண்டை வாழ்கிறது. உடலில் கரும்பட்டைகளும், செதில்களில் மயில்கழுத்து மினுமினுப்பும், ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பிலிருந்து சாமரம்போல் நீளும் இழைகளும் கொண்ட அதை, சென்னை ராணுவத்து வைத்தியராகவும் பறவையியல் அறிஞராகவும் விளங்கிய ஜெர்டன் 1849இல் வர்ணித்து, கரையோர ஜனங்கள் வழங்கிய பெயரையே லத்தீனாக்கி ‘அருலியஸ்’ என்று வைத்தார். அதற்கு மிக நெருங்கிய உறவான தாமிரபரணிக் கெண்டையை 1954இல் சைலஸ் என்ற இளம் விஞ்ஞானி பிரித்தறிந்து அந்த நதியின் பெயரையே சூட்டினார். அவர்தாம் பிற்காலத்தில் கொச்சியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த ஈ. ஜி. சைலஸ். இவ்விரண்டும் இன்று அபாயப் பட்டியலில் இருப்பவை. இரண்டும் வண்ணமீன் சந்தையில் விலைபோகின்றவை. வெளிநாட்டுக் கடைகளில் காவிரி மீனின் பெயரைச் சொல்லித் தாமிரபரணி மீனை விற்பதும் சர்வசாதாரணமாக நடந்திருக்கிறது. தமிழ் நதியின் பெயரைத் தாங்கிய மீன், தன் நதியின் பெயர்கூட இல்லாமல் எங்கோ ஒரு குளிர்தேசத்து வரவேற்பறையில் நீந்திக்கொண்டிருக்கிறது.

அணைக்கரைக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். கொள்ளிடத்தைக் குறுக்கே மறித்து வரிசையாக நிற்கும் மதகுகள், அவற்றின்மேல் செல்லும் பழைய பாலம், சாலையோரத்தில் ஆற்று மீன் விற்கும் பெண்கள், வடவாற்றின் வழியாக வீராணத்துக்குப் பாயும் நீர் — ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் போகும் எவரும் கண்ட காட்சிகள்தாம். ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய அந்தக் கீழணையின் கதையில், செங்கணியானுக்குப் பெயரிட்ட பிரான்சிஸ் டேயும் மீண்டும் வந்து நிற்கிறார் என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது. சென்னை ராஜதானி நதிகளில் கட்டிய அணைகள் மீன்வளத்துக்குக் கேடு செய்யக்கூடும் என்று 1867இல் லண்டனில் இருந்த இந்தியா மந்திரியின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் வேறு யாருமல்லர், அணைகளைக் கட்டிய காட்டனே. தம் கைவேலையால் ஒரு தீங்கு நேர்ந்திருக்கலாமென்று தாமே முன்வந்து சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அதை விசாரிக்கும் பொறுப்பு டேயிடம் ஒப்படைக்கப்பட்டது.

விசாரணையின் மையத்தில் இருந்தது உல்லம் என்னும் மீன். வங்காளிகள் உயிராகக் கொண்டாடும் ஹில்சாவின் தமிழ்ப் பெயர்தான் அது. கடலில் வளர்ந்து, வெள்ளம் புரளும் பருவத்தில் கொள்ளிடத்தில் எதிர்நீச்சலிட்டு மேலேறி முட்டையிடுவது அதன் தர்மம். வந்த மீன் அணையின் அடியில் முட்டி நின்றது. நின்ற மீனைக் கும்பல் கும்பலாகப் பிடித்தார்கள். பிற்காலத்தில் சென்னை மீன்துறை ஏற்பட்டபோது, வில்சன் என்ற மீன்வளர்ப்பு நிபுணர் 1909இல் இதே கீழணையில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பொரிக்கும் நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். இந்திய மீன்வளர்ப்புச் சரித்திரத்தில் அது ஓர் ஆரம்ப முயற்சி. அது நடந்த இடம் நம் அரியலூர் எல்லை. முயற்சி நிலைக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்து வெள்ளத்தின் வரவையே கட்டுப்படுத்தியபின், காவிரியில் உல்லம் அருகிப் போயிற்று. அணைக்கரை மீன்காரப் பெண்களில் வயதான ஒருவரிடம் உல்லம் கிடைக்குமா என்று கேட்டேன். “அது எங்க மாமியா காலத்து மீனுங்கய்யா” என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்த கெளுத்தியைத் திருப்பி அடுக்கத் தொடங்கினார்.

அணைகள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. புள்ளம்பாடி வாய்க்காலில் மேட்டூர் நீர் வராவிட்டால் கரைவெட்டி ஏரி ஏது? 2024இல் ராம்சர் ஈரநிலத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரியில் மார்கழியில் வந்திறங்கும் வாத்துகளும் கூழைக்கடாக்களும் ஏது? என் ஆதங்கம், நதியிலிருந்து எதை எடுக்கும்போதும், ஜலமாகட்டும் மணலாகட்டும் மீனாகட்டும், அதில் வாழ்வது இன்னதென்று யாரும் விசாரிப்பதில்லை என்பதே.

எடுப்பது போலவே கொட்டுவதிலும் இதே அலட்சியம். கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கி வைக்கும் ‘டேங்க் கிளீனர்’ என்ற தென்னமெரிக்க மீன், ஓரிரு வருஷத்தில் முழங்கை நீளம் வளர்ந்து தொட்டிக்கு அடங்காமற் போனதும், கொல்ல மனமில்லாத நல்லவர்கள் அதைக் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். ஓடு போர்த்தாற்போன்ற அதன் உடலைக் கொக்கும் விழுங்காது, விராலும் தொடாது. கரையில் வளை தோண்டிப் பெருகிவிடுகிறது. தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் அது குடியேறிவிட்டது. வலையில் விழுந்து வலையையும் கிழிக்கிறது. தொட்டி மீன் வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை ஒருபோதும் செய்யாதிருக்க வேண்டும்.

மீன் வளர்ப்பே கூடாதென்பது என் கருத்தன்று. ஒரு கண்ணாடித் தொட்டியின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்த குழந்தைக்கு ஜீவராசிகளிடத்தில் உண்டாகும் பிரியம் சாமானியமானதன்று. ஆனால் செங்கணியானை வளர்க்க ஆசைப்படுகிறவர், அது குளிர்ந்த ஓட்டநீரின் பிள்ளை என்பதையும், ஆறேழு பேராவது கூடியிருந்தாலொழிய அதற்கு நிம்மதியில்லை என்பதையும், நீளமான தொட்டியும் இடைவிடாத காற்றோட்டமும் வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மின்சாரம் நின்று நின்று வரும் நம் ஊர்க் கோடையில் சிறு தொட்டியில் இரண்டை வாங்கிப் போட்டால் ஒரே மத்தியானத்தில் அவை மேல்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து தவிப்பதைப் பார்க்க நேரும். அன்று நாங்கள் அதை வாங்கவில்லை. பேரனுக்குக் கப்பி மீன்கள் போதுமாயிருந்தன.

ஒரு மாதம் கழித்து மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். குழந்தையின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று சொல்லி, நான் படித்ததைச் சுருக்கமாகக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கொளத்தூருக்குப் போன் செய்து, “அந்த மிஸ் கேரளா பண்ணையில பொரிச்சதாண்ணே, ஆத்துல புடிச்சதா?” என்று விசாரித்தார். பண்ணை மீன்தான் என்று பதில் வந்தது. கேட்டுவிட்டு, தொட்டியின்மேல் ஒட்டியிருந்த விலைச்சீட்டை உரித்து எடுத்து, அதன் கீழே பந்துமுனைப் பேனாவால் ‘சாலியாறு, கேரளா’ என்று எழுதித் திரும்ப ஒட்டினார். சற்று நேரம் அதையே பார்த்திருந்தவர், கருப்பு உடலும் சிவப்பு வாலுமாக அடுத்த தொட்டியில் ஒதுங்கி நின்ற மீனைக் காட்டி, “இதுக்கு எந்த ஆறுங்கய்யா எழுதறது?” என்றார்.